இரண்டெழுத்துப் பேத்திகள்

“பாப்பா திருவாதிரை. கு, க, ச, ஞ... இதுல ஏதாவது ஒண்ணுல ஆரம்பிக்கணும். ரெண்டெழுத்து, மிஞ்சிப்போனா மூணெழுத்து. மாடர்னா இருக்கணும், அதே சமயம் தமிழாவும் இருக்கணும். சொந்தத்துல யாரும் வெச்சிருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தொட்டில் போடறோம், சீக்கிரம் சொல்லுங்க.”

பெண் குழந்தை பிறந்த வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு செய்தி வந்து விழுவது இப்போது வாடிக்கை. அரைமணி நேரத்தில் பதில்கள் குவியும். அத்தை ‘குமுதா’ என்பார்; பழசாக இருக்கிறது என்று தள்ளுபடி ஆகும். சித்தப்பா ‘கயல்’ என்பார். “எதிர் ஃபிளாட்டுலயே ரெண்டு கயல் இருக்கு” என்று பதில் வரும். டல்லாஸில் இருக்கும் மாமா ‘கியாரா’ என்று அனுப்புவார். “கி மிருகசீரிடம் இல்லையோ?” என்று தாத்தா ஒரே வரியில் அந்தப் பேச்சை முடித்து வைப்பார்.

சின்னப் பெயர் மேல் இவ்வளவு ஆசை இந்தத் தலைமுறைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நம் வீடுகளில் பெண்களைச் சின்னப் பெயரால்தான் எப்போதும் கூப்பிட்டு வந்திருக்கிறோம். அன்றைய சின்னப் பெயருக்குப் பின்னால் ஒரு பெரிய பெயர் இருந்தது. இன்று அந்தச் சின்னப் பெயரே பிறப்புச் சான்றிதழில் ஏறிவிட்டது. பின்னால் ஒன்றும் இல்லை.

பாட்டி பெயர் படும் பாடு

பேத்தி என்ற உறவுச்சொல்லே பெயர் வைக்கும் வழக்கத்தில் பிறந்ததுதான். பெயரன், பெயர்த்தி, தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குகிறவர்கள். நகரத்தார் வீடுகளில் இதற்கு ஓர் ஒழுங்கே உண்டு. முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற அப்பத்தா பெயர், அடுத்தவளுக்கு அம்மாவைப் பெற்ற ஆயா பெயர். அப்பத்தாவுக்கு நான்கு மகன்கள் என்றால் நான்கு வீட்டிலும் ஒரு மீனாட்சி இருப்பாள். கல்யாணத்துக்கு எல்லாரும் ஊர் வீட்டில் கூடியிருக்கும்போது வளவில் நின்று ‘மீனாட்சி’ என்று ஒரு குரல் கொடுத்தால் அப்பத்தாவையும் சேர்த்து ஐந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஒருத்தி மீனா, ஒருத்தி மீனாள், ஒருத்தி சின்ன மீனா, கடைசிக்குட்டி வெறும் குட்டி. உமையாள் உமா ஆவதும், தேனம்மை தேனு ஆவதும், விசாலாட்சி சாலா ஆவதும் இப்படித்தான்.

மற்ற ஊர்களில் வேறொரு சிக்கல். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மகளுக்கோ மாமியார் பெயர்தான். பாலைக் கொட்டிவிட்ட ஆறு வயசுப் பெண்ணை “ஏண்டி காமாட்சி, கண்ணு எங்க இருக்கு உனக்கு?” என்று அதட்ட முடியுமா? பெரிய காமாட்சி திண்ணையில்தானே உட்கார்ந்திருக்கிறார்! ஆகவே காமு. சரஸ்வதி சரசு, பார்வதி பாரு, ருக்மணி ருக்கு, ஜானகி ஜானு, கோமதி கோமு, பேச்சியம்மாள் பேச்சி. எதுவும் பொருந்தாவிட்டால் இருக்கவே இருக்கிறது அம்மு, பாப்பா, பட்டு, ராசாத்தி. பல பெண்களுக்குத் தங்கள் முழுப்பெயர் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்றுதான் தெரியவரும்.

இந்தச் சின்னப் பெயர்களை யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு முறை கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்து வந்தவை.

எல்லாச் சுருக்கமும் செல்லம் ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கருப்பாயி என்று பெற்றவர்கள் வைத்த பெயரை ‘கருப்பி’ என்று நறுக்கி, வயதில் மூத்தவளையும் ஒருமையில் விளிப்பது கிராமத்துச் சாதித் திமிரின் அன்றாடம். அம்மாள், ஆயி என்ற விகுதியை ஒருத்திக்குக் கொடுப்பதும் இன்னொருத்தியிடமிருந்து பறிப்பதும் அவள் எந்தத் தெருவில் பிறந்தாள் என்பதைப் பொறுத்திருந்தது. முழுப்பெயரால் அழைக்கப்படுவதையே ஒரு கௌரவமாகக் கேட்டுப் பெற வேண்டியிருந்த பெண்களின் பேத்திகளுக்கு இரண்டெழுத்துப் பெயர் அவ்வளவு கவர்ச்சியாகத் தோன்றாமல் போகலாம். அவர்கள் வீட்டில் நீளமான பெயர் வைத்தால் யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

சின்னப் பெயர்களிலேயே கொடுமையானது ‘வேண்டாம்’. இரண்டாவதும் மூன்றாவதும் பெண்ணாகப் பிறக்கும்போது இந்தப் பெயரை வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பிய ஊர்கள் திருத்தணிப் பக்கம் உண்டு. போதும்பொண்ணு, போதும்மணி எல்லாம் இதே வகை. அந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் தினமும் வாசிக்கப்படும். குப்பம்மாள், பிச்சம்மாள் போன்றவற்றை இவற்றோடு சேர்த்துவிடக் கூடாது. முதல் குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்து, ‘இது எங்களுக்கு மதிப்பில்லாதது, எமன் வர வேண்டாம்’ என்று வைக்கிற பெயர் அது. கேட்க அசிங்கமாக இருந்தாலும் உள்ளே இருப்பது பிள்ளையைக் காப்பாற்றும் தவிப்பு.

அம் போய் ஆ வந்தது

பாரதியாருக்கு இரண்டு மகள்கள். மூத்தவர் தங்கம்மாள், 1904-இல் பிறந்தவர். இளையவர் சகுந்தலா, 1908. ஒரே வீட்டில், நான்கு வருட இடைவெளியில், ‘அம்மாள்’ இறங்கி ‘ஆ’ ஏறிவிட்டதைப் பார்க்கலாம். அதற்கு முன்பு தமிழ்நாட்டில் பல பெண் பெயர்கள் அம்மாள், ஆயி, அல்லது ‘அம்’ என்று முடியும்: கனகம், மரகதம், பங்கஜம், விசாலம், செண்பகம். வடமொழிப் பெயரைக் கடன் வாங்கினாலும் கடைசியில் ஒரு மகர மெய்யை ஒட்டி நம் ஊர் ஆக்கிக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டு நகர நகர அந்த ‘ம்’ உதிர்ந்தது. கமலம் கமலா ஆனாள், கனகம் கனகா ஆனாள்.

பிறகு தொடர்கதைகளும் சினிமாவும் சேர்ந்துகொள்ள, உமா, ரமா, லதா, சுதா, கலா, மாலா, உஷா, கீதா என்று இரண்டெழுத்துப் பெயர்களின் முதல் அலை அடித்தது. இன்றைக்கு ‘ஷார்ட்டா, ஸ்வீட்டா’ பெயர் தேடும் இளம் பெற்றோரின் அம்மாக்கள் பலர் அந்த அலையில் பிறந்தவர்கள்தான். உமா பாட்டி, லதா பாட்டி என்று சொல்லிப் பாருங்கள். இன்னும் வாயில் பழகவில்லை. கியாரா பாட்டிக்கும் ஒரு நாள் பழகிக்கொள்வார்கள்.

அந்தப் பெயர்களை இன்று பழசு என்று ஒதுக்குகிறோம். பொருளைப் பார்த்தால் ஒதுக்க மனசு வராது. உஷா, ரிக்வேதத்தின் விடியல் தேவதையான உஷஸ். கலா, நிலவின் ஒரு கலை. சுதா என்றால் அமுது. சீதை என்றால் உழுத சால். ஜனகர் ஏரோட்டிய சாலில் கிடைத்தவள் என்பதால் அந்தப் பெயர். ஒரு விவசாயி தன் மகளுக்கு வைக்க இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. உமாவுக்குக் காளிதாசர் குமாரசம்பவத்தில் ஒரு காரணம் சொல்கிறார்: தவம் செய்யக் கிளம்பிய மகளைத் தாய் மேனை ‘உ! மா!’ என்று தடுத்தாளாம். ‘அடியே, வேண்டாம்!’ என்று அர்த்தம். அம்மா சொன்னதைக் கேட்காமல் போனவள் பெயர் உமா.

கயல்விழியில் விழியைக் காணோம்

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயர்களையும் விட்டுவைக்கவில்லை. வேதாசலம் மறைமலை ஆனார். அவர் மகள் திரிபுரசுந்தரி ‘முந்நகரழகி’ ஆனார். பொருள் மாறாமல் மொழிபெயர்த்திருக்கிறார். கூப்பிடத்தான் மூச்சு பிடிக்க வேண்டும். பின்னால் வந்த திராவிட இயக்கம் இதைக் கொஞ்சம் இசையோடு செய்தது. கயல்விழி, மலர்க்கொடி, தேன்மொழி, பூங்குழலி, தமிழ்ச்செல்வி, மணிமேகலை. நாலைந்து எழுத்துக்குக் குறையாத, மேடையில் சொன்னால் கைதட்டல் வாங்குகிற பெயர்கள். இன்னொரு பக்கம் கல்கி. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த ‘பொன்னியின் செல்வன்’ வீட்டுக்கு வீடு வானதிகளையும் நந்தினிகளையும் பூங்குழலிகளையும் தந்தது. வானதி என்றால் வானத்து நதி, ஆகாய கங்கை. வான் தமிழ், நதி வடமொழி.

இன்று தேடப்படும் ‘தமிழ் ஷார்ட் பெயர்கள்’ பெரும்பாலும் இந்தப் பெயர்களின் பாதிதான். கயல்விழியின் கயல், மலர்க்கொடியின் மலர், பூங்குழலியின் குழலி, தமிழ்ச்செல்வியின் தமிழ், மதிவதனியின் மதி. தொலைக்காட்சித் தொடரும் திரைப்படமும் ‘கயல்’ என்றே தலைப்பு வைத்த பிறகு அந்தப் பெயருக்குத் தனி வாழ்வு வந்துவிட்டது.

பாதியாக வெட்டும்போது என்ன போகிறது என்று யாராவது பார்க்க வேண்டாமா? கயல்விழி என்பது கயல் போன்ற விழியை உடையவள். இலக்கண வாத்தியார் அன்மொழித்தொகை என்பார். விழியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மீன். அதில் தவறொன்றும் இல்லை. பாண்டியர் கொடியில் இருந்த மீன்தான். அங்கயற்கண்ணி என்று மதுரைக்காரர்கள் அழைக்கும் அம்மனே மீனாட்சி என்பதால், மீனாவும் கயலும் ஒரே பெயரின் இரண்டு கிளைகள். பாட்டி மீனாட்சி என்றால் பேத்திக்குக் கயல் என்று வைப்பது பாட்டி பெயரை வைத்ததுதான். இதைச் சொன்னால் பல வீடுகளில் சண்டை தீரும். மாலா பாட்டிக்குக் கோதை, லதா பாட்டிக்குக் கொடி, சுதா பாட்டிக்கு அமுது என்று இந்தக் கணக்கை நீட்டிக்கொண்டே போகலாம். கோதை என்றால் மாலை. பெரியாழ்வார் தன் மகளுக்கு வைத்த பெயர். ஆண்டாள் என்பது பிறகு வந்தது.

பாதிப் பெயரில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். ஓவியா, இனியா, இலக்கியா என்று தமிழ்ச்சொல்லின் வாலில் ‘ஆ’ ஒட்டுவது. தமிழில் பெண்பால் காட்ட இகரம் இருக்கிறது: பொன்னி, குழலி, வள்ளி. ஐகாரம் இருக்கிறது: ஆதிரை, குந்தவை, கோதை. ‘ஆ’ வடக்கிலிருந்து வந்த பழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘சுத்தத் தமிழ்ப் பெயர்’ என்று மார்தட்டிக்கொள்ளும்போது அந்த வாலையும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

டி, டு, டே, டோ

பெயர் தேடும் வீட்டில் அதிகத் தலைவலி கொடுப்பது நட்சத்திர எழுத்து. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்துகள். அஸ்வினிக்கு சு, சே, சோ, ல. பரணிக்கு லி, லு, லே, லோ. சுவாதிக்கு ரு, ரே, ரோ, தா. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. மாமியாருக்கு ஆகாது என்ற வீண்பழியை ஏற்கெனவே சுமக்கிற ஆயில்யக் குழந்தைக்குப் பெயரும் கிடைக்காது போலிருக்கிறது.

காரணம் எளிது. இந்த அட்டவணை வடமொழி எழுத்து வரிசையை வைத்துப் போடப்பட்டது. தமிழில் ஒரு சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம் என்பதற்குத் தொல்காப்பியம் கறாரான விதி வைத்திருக்கிறது. க, த, ந, ப, ம ஐந்தும் எல்லா உயிரோடும் வரும். யகரம் ‘யா’ என்று மட்டும் வரும். ட, ர, ல மூன்றும் சொல்லின் முதலில் வரவே வராது. அதனால்தான் பழைய ஏடுகளில் ரேவதி இரேவதி, லட்சுமி இலக்குமி, ரோகிணி உரோகிணி. ஒருபக்கம் பஞ்சாங்கத்தின் ‘லே’யும் வேண்டும், இன்னொரு பக்கம் தூய தமிழும் வேண்டும் என்று கேட்டால் தொல்காப்பியர் கையை விரித்துவிடுவார். லேகா, ரேகா, ரோஜா, டியா, டோரா என்று பெயர்கள் பெருகியதில் இந்த அட்டவணைக்கும் பங்கு உண்டு. எழுத்தையும் விட மனமில்லை, தமிழையும் விட மனமில்லை என்பவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. காதில் மூன்று முறை சொல்ல நட்சத்திரப் பெயர், கூப்பிட இன்னொரு பெயர். பல புரோகிதர்களே அதைச் சொல்லித் தருகிறார்கள்.

எண் கணிதம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதில் கூட்டிக் கழிப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகளை. ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் ஐந்துக்கும் 1 என்று தொடங்கி 8 வரை மதிப்பு போடும், சீரோ என்ற ஜோதிடரின் முறைதான் இங்கே பரவலானது. குழந்தையின் பெயர் தமிழில் ‘நிலா’ என்றே இருக்கும். சான்றிதழில் மட்டும் நடுவில் இரண்டு ஈ, கடைசியில் ஒரு எச். வாழ்நாள் முழுக்க “டபுள் ஈ, எச்” என்று கவுன்ட்டர் கவுன்ட்டராக அவள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சின்னப் பெயரின் முழுப் பலனும் அங்கேயே போய்விடுகிறது.

பட்டியலில் எல்லாரும் மகாலட்சுமி

பெயர்ப் பட்டியல்களைப் புரட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். எந்தப் பெயரைப் பார்த்தாலும் மூன்று அர்த்தங்களில் ஒன்றுதான்: மகாலட்சுமி, அழகானவள், ஒளி. யாமினிக்கு இரவு என்று அர்த்தம். நிஷாவுக்கும் இரவுதான். அதைச் சொன்னால் யாரும் வைக்க மாட்டார்களோ என்று பட்டியல்காரர்களுக்குப் பயம் போலும். தாரா என்றால் நட்சத்திரம்; வாலியின் மனைவி, பௌத்தத் தெய்வம். நம் பக்கம் வாத்துக்கும் தாரா என்றுதான் பெயர். இதைச் சொல்லி எந்தத் தாராவையும் கேலி செய்ய வேண்டாம், வாத்து அழகான பறவை.

கியாரா கதை இன்னும் சுவாரசியம். 2010-இல் வந்த ‘அஞ்ஜானா அஞ்ஜானி’ என்ற இந்திப் படத்தில் பிரியங்கா சோப்ரா ஏற்ற பாத்திரத்தின் பெயர் அது. ஆலியா என்ற இயற்பெயர் கொண்ட நடிகை கியாரா அத்வானி, சினிமாவுக்கு வந்தபோது அங்கிருந்து எடுத்துக்கொண்டார். இத்தாலியில் இதே ஓசையில் வரும் பெயருக்குத் தெளிவு, ஒளி என்று பொருள். அயர்லாந்தில் இதற்கு மிக நெருக்கமாக ஒலிக்கும் பெயருக்குக் கருமை என்று பொருள். எந்த ஊரிலிருந்து வந்தது என்று முடிவு செய்துகொண்டுதான் அர்த்தம் சொல்ல வேண்டும்.

மியா, ரியா இரண்டும் ஐரோப்பாவில் மரியாவின் வால்கள். மரியா எபிரேய மொழியின் மிரியாமிலிருந்து வந்தவள், அரபியில் மர்யம். வேளாங்கண்ணிப் பக்கத்து மரியம்மாளும், கீழக்கரை மரியம் பீவியும், பெங்களூரு அபார்ட்மென்ட் மியாவும் பெயரால் ஒரே பாட்டியின் பேத்திகள். நம் கிறிஸ்தவ வீடுகளில் தேய்ந்து வந்த சின்னப் பெயர்களும் அழகானவை. அமலோற்பவம் என்ற நீண்ட பெயர் அமலி ஆகும், அமலா ஆகும். அந்தப் பெயருக்கு மாசில்லாமல் உற்பவித்தவள் என்று பொருள் என்பது அமலாக்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

டொரன்டோவிலும் லண்டனிலும் பிள்ளை வளர்க்கும் ஈழத்தமிழர்களுக்குக் கவலை வேறு. வகுப்பு டீச்சர் வாயில் நுழைய வேண்டும். மாயா, நிலா, மீரா, அனிகா என்று எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் பெயர்கள் அதனால் பெருகுகின்றன. ‘ழ’ வருகிற பெயரைத் துணிந்து வைக்கிறவர்களும் உண்டு. யாழ் என்று வைத்தால் ஓர் இசைக்கருவியும் ஓர் ஊரும் கூடவே வந்துவிடுகின்றன. அந்தக் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டு கழித்து, விபுலாநந்த அடிகள் அதன் இசை இலக்கணத்தைத் தேடித் தொகுத்து 1947-இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். இரண்டெழுத்துக்குள் இவ்வளவு ஏற்ற முடிகிற பெயர் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. தமிழ்நாட்டில் அவளை எல்லாரும் ‘யாழு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மெய்யில் முடிந்தால் ஓர் உகரம் போட்டுக்கொள்வது நம் பேச்சின் குணம். கயலு, மலரு, எழிலு.

பொருளில் சந்தேகம் வந்தால் பட்டியலை மூடிவிட்டு அகராதியைத் திறப்பது நல்லது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், சிகாகோ பல்கலைக்கழக இணைய அகராதித் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. தேடினால் இரண்டு நிமிடம்.

யாரும் வைக்காத பெயர் வேண்டுமென்றால்

புதுசாகப் பெயர் கண்டுபிடிக்க இத்தனை பாடு படுகிறவர்கள் சங்கப்பாடல்கள், காப்பியங்கள் பக்கம் எட்டிப் பார்க்கலாம். ஆதிரை, மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள். திருவாதிரைக் குழந்தைக்கு எழுத்து பார்க்காமலே வைக்கலாம், நட்சத்திரமே பெயராக இருக்கிறது. ஐயை, சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரியின் மகள். ஔவை, இரண்டே எழுத்து. மூதாட்டி என்ற பொருளையும் மீறிக் குழந்தைக்கு வைக்கிற தைரியசாலிகள் இப்போது உண்டு. ஆதிமந்தி, காவிரி வெள்ளத்தில் கணவனைத் தேடிப் போனவள், குறுந்தொகைப் புலவர். இந்தப் பெயரைச் சுருக்குவதென்றால் முன்பாதியை வைத்துக்கொள்ளுங்கள், பின்பாதி பெண்குரங்கு.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் கோயில் பணிக்கு அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரை வெட்டி வைத்திருக்கிறான். ஆளுக்கொரு வீடு, ஒரு பங்கு நெல். சேரமங்கை என்று தொடங்குகிறது பட்டியல். அதில் ஒரு பெண்ணின் பெயர் எடுத்தபாதம்! நடராசரின் தூக்கிய திருவடி. ஆயிரம் வருடத்துக்கு முன் அவளை வீட்டில் எப்படிச் சுருக்கிக் கூப்பிட்டார்களோ, அதைக் கல்லில் வெட்டவில்லை.

பெயர் கூப்பிடுவதற்கு என்பதைத் தொல்காப்பியர் மறக்கவில்லை. விளிமரபு என்று ஓர் இயலே எழுதினார். இகரத்தில் முடியும் பெயர் ஈகாரமாக நீளும்: வள்ளீ! ஐகாரத்தில் முடிவது ஆய் ஆகும்: ஆதிராய்! ஆகாரத்தில் முடிவதற்கு எதுவும் செய்ய வேண்டாம். நிலா ஏற்கெனவே நீண்டுதான் இருக்கிறாள். பெயர் முடிவு செய்தவர்கள் மொட்டைமாடியில் நின்று கீழே விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் ஒரு தடவை கத்திப் பார்ப்பது நல்லது. தாளில் அழகாக இருக்கிற பல பெயர்கள் இந்தச் சோதனையில் விழுந்துவிடும்.

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பெயர் இல்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. எழுதிவிட்டால் மாற்றுவது கடினம் என்பதால் யோசித்தே எழுதுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். 12 மாதம் என்பது வீட்டில் எல்லாரும் சண்டை போட்டு, சமாதானமாகி, ஒரு பெயரில் வந்து நிற்கப் போதுமான காலம். அதற்குள் அவள் அம்மு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகியிருப்பாள்.